நாளைக்கு ஊர் சிரிக்கணும்

மூக்கு மட்டும் சரியா வந்திருக்கு. மத்ததெல்லாம் பொய். இந்த நெத்தியைப் பாரு, எவ்வளவு நிமிர்ந்து இருக்கு. என் தம்பிக்கு ஏதுப்பா இப்படி ஒரு நெத்தி? செத்த உடனே முகத்தை அச்சு எடுத்து மெழுகை ஊத்தியிருக்காங்க, அதனாலதான். உசுரோட இருந்த வரைக்கும் அது யாருக்காவது குனிஞ்சபடியேதான் இருந்துச்சு. சரி, அதை அந்த மேஜை மேல வை. வெயில்ல வைக்காத, உருகிடும். உருகினா உருகட்டும்னு நான் விட்டுடுவேன். என் மகன்தான் கோவிச்சுப்பான்.

உட்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காரு. உன் பேரு தியோன்னு சொன்னாங்க. தெற்கே கிரேக்கர் ஊர்லேருந்து வந்திருக்கியாம், நாடகத்துல பெரிய பேராம். ரோமாபுரியில இதுக்கு முன்னால எந்தச் சாவுக்கும் வேஷம் கட்டினதில்லையாமே? அப்போ எங்க வழக்கத்தைச் சொல்லிடறேன், கேட்டுக்கோ. இங்க பதவியில இருந்த மனுஷன் செத்தா, பாடைக்கு முன்னால ஒரு நடிகன் நடப்பான். செத்தவனோட முகத்தை மாட்டிப்பான், செத்தவனோட உடுப்பைப் போட்டுப்பான், அவன் நடந்த மாதிரியே நடப்பான். அவன் பேசினதைப் பேசுவான், அடிச்ச கூத்தையெல்லாம் செஞ்சு காட்டுவான். கஞ்சனா இருந்தா கஞ்சத்தனத்தைக் காட்டுவான், தொடைநடுங்கியா இருந்தா அதைக் காட்டுவான். தெருவே சிரிக்கும். வீட்டுக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. மத்த நாள்ல அப்படிச் செஞ்சா தோலை உரிச்சுடுவாங்க, சாவு அன்னைக்கு மட்டும் விட்டுடுவாங்க.

நாளைக்கு நீதான் என் தம்பி. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன். டெசிமஸ் வெராட்டியஸ் எப்படிப்பட்ட ஆளுன்னு என்னைவிடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல கிடையாது. இடுப்புல தூக்கி வளத்தவ நான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்ல, அதனால இந்தச் சாவுக்கு நான்தான் எஜமானி. ஊருக்குள்ள இப்பவே அவனைப் பத்தி நல்லவன் வல்லவன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. செத்துட்டா எல்லாரும் நல்லவங்கதானே. அது நடக்கக் கூடாது. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு ஊர் சிரிக்கணும். அவனைப் பாத்து வாய்விட்டுச் சிரிக்கணும். அதைச் செஞ்சு குடுத்துட்டு நீ பேசின கூலியை வாங்கிட்டுப் போ.

நடையில ஆரம்பிப்போம். இடது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும். வேகமா நடக்க மாட்டான். முன்னால போறவன் எந்தத் தெருவுல திரும்புறான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் திரும்புற நடை. எழுந்து நடந்து காட்டு பாப்போம். ம். இன்னும் கொஞ்சம் இழு. ஆங், அதேதான். பொல்லாத ஆளுதான் நீ. அவன்கிட்ட எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. தொண்டையைக் கனைப்பான், அப்புறம் "பாக்கலாம், பாக்கலாம்"பான். கல்யாணத்துக்கு வர்றியான்னு கேட்டாலும் பாக்கலாம், எதிரிப்படை வாசலுக்கு வந்துடுச்சுன்னாலும் பாக்கலாம். சின்ன வயசுல அத்திப்பழம் வேணுமா திராட்சை வேணுமான்னு அப்பா கேட்டா, அப்பா கை எந்தத் தட்டுப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டுத்தான் வாயைத் தொறப்பான்.

அவனுக்கு நேர்மாறு என் வீட்டுக்காரர். செர்வியஸ் கல்வேனஸ்னு கேள்விப்பட்டிருப்பியே? இல்லையா? சரி, வெளியூர்க்காரன். அவர் ஒண்ணு சொன்னா சொன்னதுதான். வடக்கேருந்து ஒரு தளபதி சொந்த ஊர் மேலயே படை நடத்திட்டு வர்றான்னு சேதி வந்தப்ப, செனட் சபையில இருந்தவங்கள்லாம் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாங்களாம். இவர் ஒருத்தர்தான் எழுந்திருச்சு, அவனோட எனக்குப் பேச்சே கிடையாது, எதுத்து நிக்கறவங்களோட போறேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டார். நேரா வீட்டுக்கு வந்து குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். மகனுக்கு அப்ப சின்ன வயசு, காலைக் கட்டிட்டு அழறான். அவன் தலையைக்கூடத் தடவல மனுஷன். அவ்வளவு உறுதி. வீட்டுல கோதுமை இருக்கா, நாங்க எங்க இருப்போம், யார் பாத்துப்பாங்க, ஒரு வார்த்தை கேக்கல. அப்படிப்பட்ட உயர்ந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் வரும்? போயிட்டார்.

தளபதியை எதுக்கறவங்க எல்லாரும் கப்பல் ஏறத் துறைமுகத்துக்குப் போறாங்க. என் தம்பியும் செனட்காரன்தானே, அவனும் போகணுமா இல்லையா? அவனுக்கு வயித்து வலி. அன்னைக்குன்னு பாத்து வயித்து வலி. அம்மா பக்கவாதத்துல கிடக்கறா, பல்லக்குல அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போனா தாங்க மாட்டான்னு அதுக்கு ஒரு சாக்கு வேற. அம்மாவுக்கு வாய் வராது. வந்திருந்தா காறித் துப்பியிருப்பா. அவளுக்குக் கஞ்சியை ஊட்டிவிட்டுட்டு இவன் வீட்டோட இருந்துட்டான். ஆம்பளை செய்யற வேலையா அது?

அப்புறம் என்ன, வடக்குத் தளபதி ஊருக்குள்ள வந்தான். வரவேற்கப் போனவங்கள்ல என் தம்பி முதல் வரிசை. கையில ஒரு மாலையோ என்னமோ. எங்க தெருவுல இருந்த ஒவ்வொரு வீட்டுலயும் சிப்பாய்ங்க புகுந்து அள்ளிட்டுப் போனாங்க. எங்க வீட்டுல ஒரு கரண்டி போகல. வாசல்ல ஒரு காவல்காரனை வேற நிறுத்தி வெச்சிருந்தான் இவன். எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா? எதிர்வீட்டு அம்மா தலைவிரி கோலமா நின்னுட்டு எங்க வீட்டை ஒரு பார்வை பாத்தா. இன்னைக்கும் அந்தப் பார்வை என் முதுகுல இருக்கு. அவங்க வீட்டுல பொண்ணுங்க வேற இருந்தாங்க. சரி, அதை விடு.

சாப்பிடறதையும் சொல்லணும் உனக்கு. பெரிய இடத்து விருந்துக்குப் போனா, பக்கத்துல இருக்கிறவன் எதை எடுக்கறானோ அதைத்தான் எடுப்பான். மேல இருக்கிறவன் ஒரு வேடிக்கைப் பேச்சு ஆரம்பிச்சா, அது முடியறதுக்கு முன்னாலயே சிரிச்சுடுவான். வீட்டுக்கு வந்து பருப்பும் ரொட்டியும் தின்னுட்டு, வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பான். விருந்துல தின்னது ஒண்ணும் உள்ள தங்காதாம். பயந்தாங்கொள்ளிக்கு எது தங்கும்?

என் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வர்றேன். கடல் தாண்டி ஆப்பிரிக்காவுல கடைசிச் சண்டை. தோத்துட்டாங்க. சரணடைஞ்சா மன்னிச்சுடறேன்னு தளபதி ஆள் அனுப்பினானாம். இவர், என்னை மன்னிக்க நீ யாருடான்னு கேட்டுட்டு, தன் வாளைத் தானே வயித்துல பாய்ச்சிக்கிட்டார். இதைச் சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்குது பாரு. அதுக்கப்புறம் பெண்டாட்டி பிள்ளை என்ன ஆவாங்கன்னு யோசிச்சிருந்தா அந்தக் கை நடுங்கியிருக்கும். அவர் யோசிக்கல.

என் தம்பி அப்ப என்ன பண்ணினான் தெரியுமா? ஜெயிச்சவன்கிட்ட போய் ஒரு வேலை கேட்டான். என்ன வேலை? ஆப்பிரிக்காவுலேருந்து வர்ற தானியத்தை மேற்பார்வை பாக்கிற வேலை. வெராட்டியஸ் குடும்பத்துல பிறந்தவன், மூட்டை தூக்கறவங்களோட துறைமுகத்துல நிக்கிற வேலையைக் கெஞ்சி வாங்கிட்டுப் போனான். ஊரே கேலி பண்ணிச்சு. ஆறு மாசம் கழிச்சு, காய்ச்சல் வந்து பாதி உடம்பாத் திரும்பி வந்தான். கையில ஒரு ஜாடி. அக்கா, இதுல அத்தான் இருக்கார்ன்னான். யாரோ மணல்ல புதைச்சிருந்தாங்களாம், இவன் தேடித் தோண்டி எடுத்து, எரிச்சு, சாம்பலைக் கொண்டுவந்தானாம். வேலையாப் போன இடத்துல, போற வழியில எடுத்துட்டு வந்தேன்னான். போற வழியாம். வீரனோட சாம்பலை எப்படிக் கொண்டுவரணும்? தனிக் கப்பல் வேண்டாமா? கோதுமை மூட்டை நடுவுல வெச்சுக் கொண்டுவந்திருக்கான்.

இவன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாலயே எங்க சொத்தையெல்லாம் பறிமுதல் பண்ணி ஏலம் போட்டாங்க. சதுக்கத்துல ஒரு ஈட்டியை நட்டு வெப்பாங்க, அதுதான் ஏலத்துக்கு அடையாளம். இங்க மானமுள்ளவன் எவனும் சிநேகிதன் சொத்து ஏலத்துக்கு வந்தா கையைத் தூக்க மாட்டான். சொந்தக்காரன்னா அந்தத் தெருப்பக்கமே போக மாட்டான். என் தம்பி போனான். கையைத் தூக்கினான். அத்தான் வீட்டை, அத்தான் ரத்தம் காயறதுக்கு முன்னாலயே, தன் பேருக்கு வாங்கினான். இந்த வீடுதான். நீ உக்காந்திருக்கியே, இதே வீடு. வாங்கின கையோட என்கிட்ட வந்து, அக்கா, நீ உன் ரூம்லயே இரு, எதையும் மாத்தலன்னு சொல்றான். எப்படி இருக்கும் எனக்கு? என் வீட்டுல என்னை இருன்னு சொல்ல இவன் யாரு? இருந்தேன், வேற எங்க போவேன்? ஆனா ஒரு நாளாவது மனசார இருந்தேனா கேளு. நான் வெச்சிருந்த இடத்துல விளக்குகூட அப்படியே இருந்துச்சு. அதைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பதவியைக் கேக்கறியா? வந்துச்சு, வராம என்ன. கூஜா தூக்கினவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க? கான்சல் ஆனான், இந்த ஊர்லயே பெரிய பதவி அது. அதுவும் எப்படி? வருஷ ஆரம்பத்துல ஒழுங்கா உக்காந்த கான்சல் இல்ல. உக்காந்திருந்தவன் நடுவுல செத்துப்போனான், மிச்சம் இருந்த மாசத்துக்கு இவனை உக்கார வெச்சாங்க. அடுத்தவன் எச்சில் இலையில மிச்சச் சோறு. அதுக்காகத்தான் நாளைக்கு நீ ஊதா கரை போட்ட உடுப்பு போட்டு நடக்கப் போறே. அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டா அவனுக்கு நடக்கவே வராது, காலடியில மிதிச்சுட்டே இருப்பான். அதைக் கட்டாயம் செய்.

அப்புறம் அந்த வடக்குத் தளபதியைக் குத்திக் கொன்னாங்களே, அது உங்க ஊர் வரைக்கும் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு என் தம்பி அடிச்ச கூத்தை நீ கேக்கணும். காலையில சேதி வந்ததும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டான். மத்தியானம் போய் கொன்னவங்களுக்குக் கை குடுத்துட்டு வந்தான். சாயங்காலம் செத்தவனோட ஆளுங்களுக்கு இந்த முற்றத்துல விருந்து. ஒரே நாள்ல மூணு மூஞ்சி. உனக்காவது ஒரு நாளைக்கு ஒரு வேஷம்தான்.

நான் சும்மா இருக்கல. என் மகன் கைசோவுக்கு அப்பத்தான் மீசை அரும்புது. கொன்னவங்க கிழக்கே படை திரட்டறாங்கன்னு தெரிஞ்சதும், அவன் அப்பா வீட்டுல விட்டுட்டுப் போன பழைய வாளை எடுத்து அவன் கையில குடுத்து, போடா, உங்கப்பன் பேரைக் காப்பாத்துன்னு அனுப்பினேன். என் தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? வாசல்ல குறுக்கே நின்னான். அன்னைக்கு ஒருநாள்தான் அவன் பாக்கலாம்னு சொல்லல. வேண்டாம் அக்கா, இவங்க தோக்கப் போறாங்க, இவன் ஒருத்தனாவது உனக்கு இருக்கட்டும்ன்னான். தோக்கறதா ஜெயிக்கறதா முக்கியம்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். வழி விட்டுட்டான். பையன் போகும்போது அவன் பையில இவன் எதையோ திணிச்சான். ரொட்டியும் காய்ச்சல் மருந்துமாம். சண்டைக்குப் போறவனுக்குக் காய்ச்சல் மருந்து.

தோத்தாங்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. பையன் எப்படியோ உசுரோட வந்து சேந்தான். என் தம்பியோட தோட்டத்துல, எண்ணெய் ஆட்டற கொட்டகையில ஒளிஞ்சிருந்தான். அப்ப ஊர் ரபுலஸ்ங்கற ஒரு படைத்தலைவன் கையில. கம்பளி வியாபாரி மகன் அவன், நேத்து வரைக்கும் அவங்கப்பன் எங்க வீட்டுக் கொல்லைவாசல்ல நின்னவன். கிழக்கே போய்ச் சண்டை போட்டவங்க எவன் கிடைச்சாலும் தலையை எடுக்கச் சொல்லி அறிவிச்சிருந்தான். தோட்டத்து ஆளுங்கள்ல எவனோ ஒருத்தன் காட்டிக் குடுத்துட்டான். கையைப் பின்னால கட்டி, என் பிள்ளையைச் சதுக்கத்துக்கு இழுத்துட்டுப் போனாங்க.

இப்போ நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு நீ செய்ய வேண்டியது இதுதான். மத்ததெல்லாம் ஊறுகாய், இதுதான் சோறு.

நான் ஓடினேன். கீழ கூட்டத்துல நுழைய முடியல. செருப்புக் கடை மாடியில ஏறி நின்னுட்டேன். மேடையில ரபுலஸ் உக்காந்திருக்கான். கீழ என் மகன். அப்படியே அவங்கப்பா மாதிரி நிமிர்ந்து நிக்கறான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. மாடிச் சுவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன், ஆனா மனசுக்குள்ள ஒரு பெருமை. அப்போ கூட்டத்தைப் பிளந்துட்டு ஒருத்தன் வர்றான். யாரு? என் தம்பி. கெஞ்சறவங்க எங்க ஊர்ல கறுப்பு உடுத்திட்டுத்தான் வரணும், அதுக்குக்கூட நேரம் இல்லாம வீட்டுல போட்டிருந்த அழுக்குத் துணியோட, ஒரு கால்ல செருப்பு இல்லாம வர்றான். கான்சலா இருந்தவன். ரபுலஸ் எழுந்திருச்சுக் கீழ இறங்கினான், என்ன விஷயம்னு கேக்க. இவன் பொத்துன்னு விழுந்தான். விழுந்து அந்தக் கம்பளிக்காரன் மகனோட முழங்காலைக் கட்டிக்கிட்டான்.

வழக்கத்துல இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஒரு கையால முழங்காலைப் பிடிச்சு, இன்னொரு கையால தாடையைத் தொட்டு, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு எழுந்திருக்கணும். மரியாதைப்பட்டவங்க அப்படித்தான் செய்வாங்க. இவன் ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு விடவே மாட்டேங்கறான். வெயில் ஏறிட்டே போகுது. ரபுலஸ் காலை உதறுறான், நடக்கப் பாக்கறான், இவன் புழுதியில தேஞ்சுட்டே கூடப் போறான். சிப்பாய்ங்க இழுக்கறாங்க. கூட்டத்துல ஒரு மீன்காரி, ஐயா காலை விடுங்க, அவர் செருப்பு கழண்டுடும்னு கத்தினா. சதுக்கமே சிரிச்சுது. நான் மாடியில நிக்கறேன். செருப்புக் கடைக்காரனும் சிரிச்சான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது.

என்ன சொன்னான்னு கேக்கறியா? அதுதான் இன்னும் கொடுமை. வாயை மூடிட்டாவது பிடிச்சிருக்கலாம். ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினான்.

"ஐயா, இவன் எங்க அக்கா மகன். இவனைக் கொன்னா அவ சாப்பிட மாட்டா. எனக்குத் தெரியும், அவ சாப்பிடாமயே செத்துடுவா. என் நிலத்தை எடுத்துக்கோங்க, பதவியை எடுத்துக்கோங்க, என்னை வேணா வெட்டுங்க. எனக்கு அவளை விட்டா யாரும் இல்ல, ஐயா."

கேட்டியா? என் சாப்பாட்டைப் பத்தி. செர்வியஸ் கல்வேனஸ் பெண்டாட்டி சாப்பிடுவாளா மாட்டாளான்னு நடுச்சதுக்கத்துல, மீன்காரி முன்னால. எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. என் மகன் தலையைத் தொங்கப் போட்டுட்டான். அதுவரைக்கும் நிமிர்ந்து நின்ன பிள்ளை, அப்பத்தான் அழ ஆரம்பிச்சான். அவமானத்துல அழுதான். வேற எதுக்கு அழுவான்?

பையனை விட்டுட்டாங்க. ஏன் விட்டாங்கன்னு நினைக்கறே? என் வீட்டுக்காரர் பேருக்கு அவ்வளவு மதிப்பு. கல்வேனஸ் மகனைத் தொட்டா ஊர் சும்மா இருக்காதுன்னு ரபுலஸுக்குத் தெரியும். இவன் போய்க் குறுக்கே விழாம இருந்திருந்தா, கௌரவமா விட்டிருப்பாங்க. இவன் விழுந்ததுல கெட்ட பேருதான் மிச்சம். அதுக்கப்புறம் இவன் தோட்டமெல்லாம் ரபுலஸ் கைக்குப் போயிடுச்சு, எப்படிப் போச்சோ எனக்குத் தெரியாது, இவனுக்கு எதையும் கட்டிக் காப்பாத்தத் துப்பு கிடையாது. செனட் பக்கம் போறதையும் விட்டுட்டான். சோம்பேறித்தனம். கொல்லையில வெங்காயம் போட்டுட்டு உக்காந்திருந்தான்.

நான் அன்னைக்கே அவனைத் தலைமுழுகிட்டேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனா ஒரு வார்த்தை பேசல. தினம் காலையில என் ரூம் வாசல்ல வந்து நிப்பான். அக்கா, உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பான். நான் சுவத்துப் பக்கம் திரும்பிப்பேன். கொஞ்ச நேரம் நிப்பான், கனைப்பான், போயிடுவான். போற வழியில சமையக்காரிகிட்ட, நேத்து அக்கா சாப்பிட்டாளான்னு கேப்பான். எனக்குக் காதுல விழும். ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கினது பத்தாதுன்னு வீட்டுலயும் விடல அவன். வருஷக்கணக்கா, ஒரு நாள் தவறாம.

போன வாரம் காய்ச்சல் முத்திப் போச்சு. எங்க வழக்கத்துல, போற உசுரோட கடைசி மூச்சை நெருங்கின ரத்த சொந்தம் வாயோட வாய் வெச்சு வாங்கிக்கணும். நான்தான் வாங்கணும். என்னைக் கூப்பிட்டு விட்டான். நான் போகல. போகலப்பா. வாசப்படி வரைக்கும் போனேன், உள்ள போகல. கைசோ வாங்கினான். அக்கா சாப்பிட்டாளான்னு அவன்கிட்டயும் கேட்டானாம். சாகப் போறவன் கேக்கற கேள்வியா அது? கேட்டுட்டுப் போயிட்டான். நான் அன்னைக்குச் சாப்பிட்டேன். நல்லாவே சாப்பிட்டேன்.

சரி, வேலையைப் பாப்போம். எழுந்திருச்சு இங்க வந்து நில்லு. நீதான் ரபுலஸ். காலைக் கொஞ்சம் அகட்டி நில்லு, அவன் அப்படித்தான் நிப்பான், கம்பளி மூட்டை தூக்கற பரம்பரை. நான் செஞ்சு காட்டறேன், நீ பாத்துக்கோ. வயசாச்சு, முட்டி மடங்காது, இருந்தாலும் வாயால சொன்னா உனக்குப் புரியாது. இப்படி வந்தான். இப்படி விழுந்தான். இப்படிப் பிடிச்சான். ஐயா, இவன் எங்க அக்கா மகன். இவனைக் கொன்னா அவ சாப்பிட மாட்டா. எனக்குத் தெரியும், அவ சாப்பிடாமயே செத்துடுவா. எனக்கு அவளை விட்டா யாரும் இல்ல, ஐயா.

என்னப்பா, சிரிப்பே வரல உனக்கு? நீ என்ன நடிகன்? நான் அழற மாதிரி செஞ்சா நீயும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நிக்கறே. மீன்காரி சிரிச்சா, செருப்புக்காரன் சிரிச்சான். உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?

என்னது? எப்போ? இன்னைக்குக் காலையிலயா? என் மகன் நீ தங்கியிருக்கற இடத்துக்கே வந்தானா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அவன். என்ன சொன்னான்? இதையேவா? காலைப் பிடிச்சதைத்தான் செஞ்சு காட்டணும்னு அவனும் சொன்னானா?

பாத்தியா. நான் சொல்லல? அவங்கப்பா ரத்தம், அது எங்க போகும்? மாமா மாமான்னு அவன் பின்னாலயே சுத்திட்டு, கொல்லையில கூட உக்காந்து வெங்காயம் நட்டுட்டு இருந்தப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். உள்ளுக்குள்ள அந்த அவமானத்தை மறக்காமத்தான் வெச்சிருந்திருக்கான். என் பிள்ளை, என் பிள்ளைதான்.

இரு. இன்னும் என்ன? நாளைக்கு அவனும் வந்து நிக்கறேன்னானா? எங்க? உன் பக்கத்துலயா? அன்னைக்கு நிறுத்தி வெச்சிருந்த மாதிரியே, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, ஊர் முன்னாலயா?

எதுக்காம்?

யாருக்காக விழுந்தார்னு ஊர் பாக்கணும்னானா.

அப்படியேவா சொன்னான்? நீயா எதையும் சேத்துச் சொல்லாத. அவன் சொன்னதை மட்டும் சொல்லு. ம். ம்.

அவன் அங்க வந்து நின்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்களேப்பா.

கை குடுக்க வேண்டாம். எழுந்திருக்கல, இரு. நான் காட்டினது தப்பு. சும்மா தொட்டுட்டு உக்காந்திருக்கற மாதிரி காட்டிட்டேன் உனக்கு. அவன் இப்படித் தளர்வா பிடிக்கல. சிப்பாய்ங்க ரெண்டு தோளையும் பிடிச்சு இழுத்தும் அந்தக் கை பிரியல. தலையை இப்படிச் சாய்ச்சு, கன்னத்தை அந்த ஆளோட கால்ல வெச்சு அழுத்தி, கண்ணை மூடிக்கிட்டான். ஒரு விரல் இன்னொரு விரலுக்குள்ள இப்படிப் பின்னி இருந்துச்சு. மாடியிலேருந்து எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. இப்படி. வலிக்குதா? வலிக்கட்டும். இப்படித்தான் பிடிச்சான். நாளைக்கு நீயும் இப்படியே பிடி.